புல்தரையும் களையும்: சிட்னி, மெல்பேர்ன் வீட்டுத் தோட்டங்களின் கதை

சிட்னியிலும் மெல்பேர்னிலும் வீட்டு வாசலில் விரிந்திருக்கும் புல்லும், அந்தப் புல்லுக்குள் முளைக்கும் களையும் பெரும்பாலும் ஒரே கடல்வழியில் வந்து சேர்ந்தவை. 1788 ஜனவரியில் சிட்னிக் கரையில் இறங்கிய முதல் ஆங்கிலேயக் குடியேற்றக் கப்பல்கள், வரும் வழியில் ரியோ டி ஜெனிரோவிலும் நன்னம்பிக்கை முனையிலும் நங்கூரமிட்டு விதை, நாற்று, கால்நடை, தீவனம் எல்லாம் ஏற்றிக்கொண்டன. அடுத்த பல பத்தாண்டுகளும் கப்பல்கள் பெரும்பாலும் இதே தடங்களில் ஓடின. வைக்கோலிலும் ஆட்டு ரோமத்திலும் விதை மூட்டையிலும் ஒட்டிக்கொண்டு எண்ணற்ற செடிகள் அழையாமலே கரையேறின. இன்று சிட்னி வீட்டுத் தோட்டத்தில் குழந்தைகளின் பாதத்தைக் குத்தும் பிண்டை தென்னமெரிக்கச் செடி. மெல்பேர்ன் புல்தரைகளை வசந்தத்தில் மஞ்சளாக்கும் கேப்வீட் தென்னாப்பிரிக்காவினுடையது. டேன்டெலியனும் விண்டர் கிராஸ் என்ற சிறு புல்லும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1802-இல் சிட்னிக்கு வந்தபோதே, குடியேற்றத்தைச் சுற்றி வெளிநாட்டுச் செடிகள் தாமாகப் பரவத் தொடங்கியிருந்தன.

இவை வருவதற்கு முன் அந்த மண் வெறுமையாகக் கிடக்கவில்லை. சிட்னிக்கு மேற்கே உள்ள சமவெளியிலும் மெல்பேர்னுக்கு மேற்கே உள்ள எரிமலைப் பாறைச் சமவெளியிலும் கங்காரு புல், வாலபி புல், வீப்பிங் கிராஸ் ஆகிய உள்நாட்டுப் புற்கள் நிறைந்திருந்தன. பூர்வகுடி மக்கள் குறித்த காலத்தில் சிறு தீ வைத்து அந்த நிலத்தைப் பேணினார்கள். பழைய புல் எரிந்த இடத்தில் இளம்புல் துளிர்க்கும், அதை மேயக் கங்காரு வரும். மெல்பேர்னைச் சுற்றி வாழ்ந்த குலின் மக்களுக்கு முர்னாங் என்னும் மஞ்சள் பூச்செடியின் கிழங்கு அன்றாட உணவு. பெண்கள் தோண்டுகோலால் அதைத் தோண்டியெடுத்ததில் மண் பொலபொலப்பாகவே இருந்தது. 1835-இல் மெல்பேர்னில் குடியேற்றம் தொடங்கியதும் ஆட்டு மந்தைகள் வந்தன. சில ஆண்டுகளிலேயே ஆடுகள் முர்னாங்கை வேரோடு தின்று தீர்த்தன. குளம்புகள் மிதித்து மண் இறுகியது. நெருப்பு நின்றது. இறுகிய, வளம் மாறிய, வெறிச்சோடிய மண்தான் களைகளுக்கு ஏற்ற விளைநிலம். பின்னாளில் புல்தரைக்காரர்கள் நூறாண்டுக் காலம் மல்லுக்கட்டிய களைப் பிரச்சினை அப்போதே தொடங்கிவிட்டது. அது ஒரு சமூகத்தின் உணவையும் உழைப்பையும் அழித்துத் தொடங்கியது என்பதைத் தோட்டக்கலை நூல்கள் நெடுங்காலம் சொல்லாமல் விட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சாதாரண வீட்டுக்குப் புல்தரை எட்டாத ஒன்று. அரிவாளால் சீராகப் புல் அறுக்க ஆள் வேண்டும், கோடையைத் தாண்ட நீர் வேண்டும். இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் 1830-இல் உருளைக் கத்திகள் கொண்ட புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு ஆள் பிரச்சினை மெல்லத் தீர்ந்தது. நீர்ப் பிரச்சினையை நகரங்களே தீர்த்தன. மெல்பேர்னுக்கு 1857-இன் கடைசி நாளில் யான் யீன் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வந்தது. சிட்னிக்கு 1888-இல் நெப்பியன் ஆற்றுத் திட்டம் நிறைவேறியது. வீட்டு வாசலில் குழாய் வந்ததும் ரப்பர் குழாயும் வந்தது, அதன் முனையில் புல்தரையும் வந்தது.

எது அழகான புல்தரை என்ற பார்வையை உருவாக்கியவை பொதுப் பூங்காக்கள். சிட்னியின் தாவரவியல் பூங்கா 1816-இலும் மெல்பேர்னுடையது 1846-இலும் தொடங்கப்பட்டன. மெல்பேர்ன் பூங்காவை 1857 முதல் நடத்திய ஃபெர்டினாண்ட் ஃபொன் முல்லர் உலகறிந்த அறிஞர். ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்து வகைப்படுத்தியவர். ஆனால் நகரத்துச் செல்வந்தர்கள் கேட்டது அறிவியல் அல்ல, உலாவ ஒரு பசும்புல்வெளி. 1873-இல் அவரிடமிருந்து பூங்கா பறிக்கப்பட்டு வில்லியம் கில்ஃபாய்லிடம் கொடுக்கப்பட்டது. கில்ஃபாய்ல் வளைந்து இறங்கும் பெரும் புல்வெளிகளை அமைத்தார், மெல்பேர்ன் அதைத் தன் வீட்டு முற்றத்தில் சிறிதாக நகலெடுத்தது. முல்லருக்கு நேர்ந்தது அநீதிதான். என்றாலும் அவருடைய பெயர் களை வரலாற்றிலும் இடம்பெறுகிறது. நல்ல பழம் கிடைக்குமே என்று காட்டோரங்களில் அவர் தூவிய பிளாக்பெர்ரி விதைகள், பின்னர் விக்டோரியாவின் மிகக் கொடிய முட்புதர்க் களைகளில் ஒன்றாகப் பெருகின.

சட்டம் களையைத் தேடி வந்தது இதற்கும் முன்பே. முட்செடிகளை ஒழிக்கத் தென் ஆஸ்திரேலியா 1851-இலும் விக்டோரியா 1856-இலும் சட்டம் இயற்றின. மெல்பேர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்ஃபிரட் யூவர்ட் 1909-இல் விக்டோரியாவின் களைகள், நச்சுச்செடிகள், வந்தேறிச் செடிகள் பற்றிய நூலை வெளியிட்டார். சிட்னிப் பூங்காவின் இயக்குநர் ஜோசப் மெய்டன் 1920-இல் நியூ சவுத் வேல்ஸின் களைகளைப் பற்றி எழுதினார். இந்த நூல்களின் கவலை மேய்ச்சல் நிலமும் கோதுமை வயலும்தான். வீட்டுப் புல்தரை அவற்றில் ஓரமாகவே வருகிறது.

வீட்டுப் புல்தரையில் எது புல், எது களை என்பதை முதலில் தீர்மானித்தது தட்பவெப்பம். சிட்னியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை. கோடை இறுதியிலும் இலையுதிர்காலத்திலும் அது கூடுதலாகக் கொட்டுகிறது, உறைபனி அரிது. மெல்பேர்ன் நகரத்தில் மழை அதில் பாதியைச் சற்றே தாண்டும். அது ஆண்டு முழுவதும் தூறலாகப் பரவி வருகிறது. கோடையில் வடக்கிலிருந்து வீசும் வெப்பக்காற்று ஒரே நாளில் புல்லைக் கருக்கிவிடும். ஆகவே சிட்னி வெப்பத்தை விரும்பும் புற்களிடம் போனது, மெல்பேர்ன் நெடுங்காலம் ரைகிராஸ், ஃபெஸ்க்யூ போன்ற இங்கிலாந்துப் புற்களைப் பற்றிக்கொண்டது.

சிட்னியின் புற்களில் தமிழருக்கு அறிமுகம் தேவைப்படாதது கூச். நம் அருகம்புல்தான் அது. கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் அதன் இயல்பு, பந்தயத்திடலுக்கும் போலிங் மைதானத்துக்கும் அதைத் தகுதியாக்கியது. சிட்னி கான்கார்ட் பகுதியின் கிரீன்லீஸ் பார்க் போலிங் மைதானத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மென்மையான வகை, அந்த மைதானத்தின் பெயரிலேயே நாடெங்கும் விற்பனையானது. அதே அருகம்புல் மெல்பேர்னின் ஃபெஸ்க்யூ புல்தரைக்குள் நுழைந்தால் களை. குளிர்காலத்தில் அது வைக்கோல் நிறமாக உறங்கிவிடுவதால் பச்சைக்குள் பழுப்புத் திட்டுகளாகத் தெரியும். ஆகஸ்ட்–செப்டம்பரில் வரும் விநாயகர் சதுர்த்திக்கு மெல்பேர்னில் பசும் அருகு கிடைப்பது கடினமாவதற்கும் இந்த உறக்கமே காரணம்.

பஃபலோ என்று ஆஸ்திரேலியர் அழைக்கும் அகன்ற இலைப் புல் மரநிழலையும் உப்புக்காற்றையும் தாங்கும். 1990களில் ஹன்டர் பள்ளத்தாக்கில் உருவான சர் வால்டர் என்ற மென்மையான வகை வந்தபின் புதுவீடுகளில் அதுவே பெருகியது. கிகுயூ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலப் புல், கென்யாவின் கிகுயூ மக்களின் பெயரைத் தாங்கியது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் மேய்ச்சலுக்காக நியூ சவுத் வேல்ஸுக்குக் கொண்டுவரப்பட்டது. வேகமாக வளரும், மிதிபட்டாலும் தாங்கும், விலையும் குறைவு என்பதால் புறநகர் வீடுகளுக்குள் வந்தது. பஃபலோ புல்தரைக்குள் அது புகுந்துவிட்டால் ஒன்றைக் கொன்று மற்றொன்றைக் காப்பது மிகக் கடினம். தென்னமெரிக்காவின் பஸ்பாலமும் இதே வழியில் வந்ததுதான். கடற்கரையோரப் பால்பண்ணைகளில் பசுக்களுக்காகப் பயிரிட்ட புல், நகரத்தில் ஒட்டும் விதைக்கதிரோடு நெட்டையாக நிமிர்ந்து நின்றது. அந்தப் பிசுபிசுப்பு கதிரைத் தாக்கும் ஒரு பூஞ்சையால் ஊறும் இனிப்பு நீர். பண்ணையில் வரமாக இருந்த புல், வீட்டுத் தோட்டத்தில் முழங்காலில் ஒட்டும் தொல்லையானது.

இரண்டாம் உலகப் போர் வரை களையெடுப்பு என்பது பெரும்பாலும் கைவேலை. கத்தியோ, பிளவுபட்ட நுனியுள்ள சிறு கடப்பாரையோ எடுத்து ஆணிவேரோடு கிளறவேண்டும். ஆணிவேரில் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் டேன்டெலியன் மறுபடி தழைத்துவிடும். அமோனியம் சல்ஃபேட்டையும் இரும்பு சல்ஃபேட்டையும் மணலில் கலந்து தூவுவது இன்னொரு வழி. அகன்ற இலையில் தூள் தங்கி அதைக் கருக்கும், குறுகிய புல் இலையில் தங்காமல் உதிர்ந்து மண்ணில் உரமாகும். நடைபாதைகளில் ஆர்செனிக் கலவைகளைத் தெளித்தார்கள். நாய்க்கும் குழந்தைக்கும் அது எவ்வளவு கேடு என்பதை அன்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

போருக்குப் பின் கால் ஏக்கர் மனையில் தனிவீடு என்ற கனவு சிட்னி, மெல்பேர்ன் புறநகர்களாக விரிந்தது. வீட்டின் முன்னும் பின்னும் புல். சாலையோரத்து நேச்சர் ஸ்ட்ரிப் எனும் புல்பட்டை நகரசபைக்குச் சொந்தமென்றாலும் அதை வெட்டுவது வீட்டுக்காரரின் வழக்கமானது. இந்த நிலத்தையெல்லாம் தள்ளும் உருளை இயந்திரத்தால் வெட்டுவது வார இறுதியையே விழுங்கும் வேலை. பஸ்பாலத்தின் தடித்த கதிர்த்தண்டு உருளைக் கத்தியில் சிக்காமல் மடிந்து, இயந்திரம் போனபின் மறுபடி நிமிர்ந்துவிடும். கான்கார்டைச் சேர்ந்த மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1952-இல் தன் வீட்டுக் கொட்டகையில், பழைய உதிரிப்பாகங்களைக்கொண்டு ஒரு சுழல்கத்தி இயந்திரம் செய்தார். பீச் பழம் அடைத்த காலி டப்பாதான் பெட்ரோல் தொட்டி. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் லாரன்ஸ் ஹால் என்பவர் செய்துகாட்டிய சுழல்கத்தி இயந்திரமே அவருக்குத் தூண்டுதல். ரிச்சர்ட்சனின் நடுப்பெயரிலிருந்து விக்டா என்ற பெயர் பிறந்தது. 1950களின் முடிவுக்குள் அந்த நிறுவனம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் செய்து பல நாடுகளுக்கு அனுப்பியது. 2000 சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டும் இயந்திரங்களைத் தள்ளியபடி கலைஞர்கள் ஆடியதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

சுழல்கத்தி எதையும் அறுத்தெறிந்தது. பஸ்பாலம் தலை தாழ்ந்தது. ஆனால் இயந்திரத்தை வைத்திருப்பவர் வாரந்தோறும் தரையொட்டி மழிக்கத் தொடங்கினார், மழித்த புல்லுக்கு இடையில் வெயில் மண்ணில் பட்டது, வெயில் பட்ட இடத்தில் களைவிதை முளைத்தது. பிண்டை, விண்டர் கிராஸ் போன்ற தரையொட்டி வளரும் களைகளைக் கத்தி தொடுவதே இல்லை. நெட்டைக் களைகளின் காலம் முடிந்து குட்டைக் களைகளின் காலம் பிறந்ததில் இயந்திரத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

அதே ஆண்டுகளில் வேதிப்பொருள் வந்தது. போர்க்கால ஆய்வில் உருவாகி 1945 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 2,4-டி, செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல் நடித்து, அகன்ற இலைச் செடியைக் கட்டுக்கடங்காமல் முறுக்கி வளரவைத்துக் கொல்லும். புல்லை அது பெரும்பாலும் விட்டுவிடும். குனிந்து கிளறாமல் நின்றபடியே தெளிக்கலாம் என்ற வசதி தோட்டக்காரர்களின் மனத்தைக் கவர்ந்தது. இதில் பலியானது குளோவர். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் புல்லுக்கு உரமாக்கித் தரும் இந்தச் சிறுசெடியின் விதை, அதுவரை புல்தரை விதைக்கலவைகளில் விரும்பிச் சேர்க்கப்பட்டது. புதிய மருந்து குளோவரையும் டேன்டெலியனையும் பிரித்தறியாது. ஆகவே குளோவர் களைப் பட்டியலுக்குள் தள்ளப்பட்டது. மருந்துப் புட்டிகளில் ‘பிண்டை, குளோவர் கொல்லி’ என்று இரண்டையும் ஒன்றாக அச்சிட்டு விற்றார்கள். அது கொடுத்துவந்த உரத்தைப் பிறகு மூட்டையில் வாங்கவேண்டியதாயிற்று. ஒரு நல்ல செடியை விட்டுக்கொடுத்த இந்த மாற்றம் தவறானது. இன்று குளோவரை மறுபடி கலந்து விதைப்போர் பெருகுவது நல்ல செய்தி.

மருந்துகளின் வகை கூடக்கூட ஒன்று தெளிவானது: எதைத் தெளிப்பது என்பதைவிட எப்போது தெளிப்பது என்பதே பெரிது. டிகாம்பா கலந்த மருந்து கூச் புல்லில் பிண்டையைத் தீர்க்கும், ஆனால் பஃபலோவைச் சேர்த்துக் கருக்கும். அதனால் பஃபலோவுக்கு புரோமாக்சினில் கலந்த வேறு மருந்து வந்தது. இரண்டுக்கும் பொதுவான விதி, களை இளமையாக இருக்கும்போதே தெளிக்கவேண்டும் என்பது. இந்தக் கால அறிவைப் புத்தகத்தைவிட அனுபவமே கற்றுக்கொடுத்தது. தோட்டக்கலை நூல்கள் பல வட அரைக்கோளத்தில் எழுதப்பட்டதால் மாதங்களைத் தலைகீழாகத் திருப்பிப் படிக்கவேண்டியிருந்தது.

ஆண்டின் தொடக்கப்புள்ளி இலையுதிர்காலம், அதாவது மார்ச். கோடை வெப்பம் தணிந்து மண் குளிரும்போது விண்டர் கிராஸ், பிண்டை, கேப்வீட் மூன்றும் முளைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த முளைப்பைத் தடுக்க, மண்ணில் இடும் முளைப்புத்தடுப்பு மருந்தைப் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ இட்டு நீர்விடுகிறார்கள். மெல்பேர்னில் இதே வேளை ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் விதைக்கும் பருவமுமாக இருப்பது ஒரு சிக்கல். களைவிதையைத் தடுக்கும் மருந்து விதைத்த புல்லையும் முளைக்கவிடாது. அங்கே தோட்டக்காரர் ஏதேனும் ஒன்றைத்தான் செய்யமுடியும். அடர்த்தியாகப் புல் விதைத்துக் களைக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே மெல்பேர்ன் வழக்கமாயிற்று.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். சிட்னியின் கூச் உறங்கும்போது பிண்டை கேரட் இலை போன்ற சிறு இலைகளை விரித்துத் தரையோடு படர்ந்திருக்கும். அதைப் பிடிக்கவேண்டிய வேளை இது. யாருக்கும் அப்போது அது உறுத்தாது, ஏனென்றால் முள் இன்னும் உருவாகவில்லை. அக்டோபரில் குழந்தை வெறுங்காலோடு ஓடி அழும்போதுதான் நினைவு வரும், அதற்குள் விதை முற்றியிருக்கும். செடியைக் கொன்றாலும் முள் தரையில் கிடந்து அடுத்த ஆண்டுக்கு விதையாகும். மெல்பேர்னில் இதே மாதங்களின் தொல்லை ஆனியன் கிராஸ். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த, இறுகிய மண்ணில் வளரும், கம்பி போன்ற இலையும் வசந்தத்தில் இளஞ்சிவப்புப் பூவும் உடைய செடி. அதன் உயிர் மண்ணுக்கடியில் சிறு கிழங்கில் இருக்கிறது. பழைய கிழங்கின் சத்து தீர்ந்து, புதிய கிழங்கு திரளாத குளிர்கால நடுவில் தாக்கினால்தான் பலன் உண்டு. மண்ணைக் குத்திக் காற்றோட்டம் கொடுப்பதும் உரமிடுவதும் இதற்கு மருந்தைவிட நிலையான தீர்வு.

செப்டம்பரில் மண் சூடேறும்போது கிராப்கிராஸ் போன்ற கோடைப் புற்கள் முளைக்கின்றன. அவற்றுக்கான முளைப்புத்தடுப்பு ஆகஸ்ட், செப்டம்பரில் இடப்படுகிறது. வசந்தத்தில் புல்லுக்கு உரமிட்டு, வெட்டும் உயரத்தைக் கூட்டி, தரைக்கு நிழல் கொடுத்தாலே இவற்றில் பெரும்பகுதி முளைக்காது. கிகுயூவை மூன்று நான்கு செண்டிமீட்டரிலும் பஃபலோவை அதற்குச் சற்று மேலும் ஃபெஸ்க்யூவை இன்னும் உயரமாகவும் விட்டுவைப்பது இன்று பரவலான அறிவுரை. விக்டா காலத்து மொட்டைக்கு நேர்மாறான பழக்கம் இது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடையில் சிட்னியின் பெரும் எதிரி கோரை. தமிழகத்து வயலில் உழவரை அலைக்கழிக்கும் அதே கோரைதான். பிடுங்கினால் இலை கையோடு வரும், கிழங்கு மண்ணில் தங்கும், சங்கிலியாகத் தொடுத்த மற்ற கிழங்குகள் விழித்துக்கொள்ளும். ஹாலோசல்ஃபியூரான் போன்ற, இலைவழி கிழங்குக்கு இறங்கும் மருந்து வரும்வரை இதற்கு நல்ல வழி இல்லாமல் இருந்தது. செடி தீவிரமாக வளரும் கோடையில் தெளித்தால்தான் அது கிழங்கை எட்டும். அதற்குமேலும் ஓரிரு பருவம் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். மெல்பேர்னின் வறண்ட கோடையில் கோரை இவ்வளவு வலுப்பதில்லை. அங்கே கோடை என்றால் புல்லை உயிரோடு வைத்திருக்கும் பாடுதான்.

அந்தப் பாட்டை 1997-இல் தொடங்கி 2009 வரை நீண்ட வறட்சி உச்சத்துக்குக் கொண்டுபோனது. சிட்னியில் 2003 அக்டோபர் முதல் கட்டாய நீர்க் கட்டுப்பாடு. மெல்பேர்னில் வீட்டுப் புல்தரைக்குக் குழாய்நீர் விடுவதே தடைசெய்யப்பட்டது. ஒருகாலத்தில் வண்டிகளின் எண்பலகையிலேயே ‘தோட்ட மாநிலம்’ என்று எழுதிவைத்திருந்த விக்டோரியாவில் முற்றங்கள் புழுதியாயின. ஃபெஸ்க்யூ செத்த இடங்களில் முதல் இலையுதிர்கால மழைக்குக் கேப்வீட்டும் ஆனியன் கிராஸும் நிரம்பின. நகரசபைகள் விளையாட்டுத் திடல்களில் குளிர்நாட்டுப் புல்லைக் கைவிட்டு கூச், கிகுயூ போன்ற வெப்பநிலப் புற்களுக்கு மாறின. வீடுகளும் பின்தொடர்ந்தன. மெல்பேர்ன் புல்தரையில் களையென்று துரத்தப்பட்ட அருகம்புல் பல முற்றங்களில் புல்லாகவே ஏற்கப்பட்டது. இன்னும் சிலர் வீப்பிங் கிராஸ் என்னும் உள்நாட்டுப் புல்லை நட்டார்கள். பழைய வீடுகளின் நிழல்பட்ட மூலைகளில் யாரும் நடாமலேயே அது முன்பிருந்தே வளர்ந்துகொண்டிருந்தது.

மருந்துகளின் மீதான நம்பிக்கையும் இதே காலத்தில் குறையத் தொடங்கியது. கோல்ஃப் மைதானங்களில் விண்டர் கிராஸ் ஒன்றுக்கு மேற்பட்ட களைக்கொல்லிகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைஃபோசேட்டை ‘மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற வகையில் சேர்த்தது. ஆஸ்திரேலிய ஒழுங்குமுறை அமைப்பு, குறிப்பிட்டபடி பயன்படுத்தினால் பாதுகாப்பானது என்ற நிலையிலேயே நின்றது. இடையில் சில நகரசபைகள் பொது இடங்களில் நீராவியையும் பிற முறைகளையும் சோதித்துப்பார்த்தன. இன்னொரு பக்கம், மெல்பேர்னில் குடியேறிய இத்தாலியரும் கிரேக்கரும் பல தலைமுறையாக டேன்டெலியன், சிக்கரி இலைகளைப் பறித்துச் சமைத்துவந்த பழக்கம் புதிய கவனம் பெற்றது. புல்தரைக் களைகளில் பெரும்பாலானவை பிடிக்காமல் போனவை மட்டுமே, தீங்கானவை அல்ல.

இந்தப் பேச்சுக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. அது தெற்காசியக் குடும்பங்களின் தோட்டத்தோடு நேராகத் தொடர்புடையது. தென்னமெரிக்க ஆற்றங்கரைச் செடியான அலிகேட்டர் வீட், 1946-இல் நியூகாசில் துறைமுகத்தருகே முதலில் பதிவானது. கப்பலின் நிலைச்சுமை மண்ணோடு வந்திருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. நீரில் மிதக்கும் பாயாகப் படர்ந்து ஓடைகளை அடைக்கும், கரையேறித் தரையிலும் புல்தரையிலும் ஆழமாக வேரிறக்கி வளரும். 1970களின் பிற்பகுதியில் சிட்னிப் பகுதியில் அதைத் தின்னும் ஒரு சிறு வண்டை விட்டார்கள். நீரில் மிதக்கும் செடியை அது நன்றாகக் கட்டுப்படுத்தியது, தரையில் வளர்வதைத் தொடவில்லை. ஆஸ்திரேலியாவில் இச்செடி விதை வைப்பதில்லை. துண்டு துண்டாகவே பரவுகிறது. ஒரு கணு போதும். புல்தரையில் இது இருக்கும்போது இயந்திரத்தை ஓட்டினால் ஒன்று நூறாகும். புல்விரிப்பிலும் மண் லாரியிலும் இயந்திரத்தின் அடியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த புறநகருக்குப் போகும்.

1990களின் நடுவில் பிரிஸ்பேனிலும் தொடர்ந்து மெல்பேர்ன், சிட்னி உள்ளிட்ட நகரங்களிலும் இலங்கைக் குடும்பங்களின் பின்முற்றங்களில் இந்தச் செடி கீரைப் பாத்தியாக வளர்வது கண்டறியப்பட்டது. விக்டோரியாவில் மட்டும் இப்படி நூற்றுக்கணக்கான வீடுகள். சிங்களத்தில் முகுணுவென்ன என்றும் தமிழில் பொன்னாங்கண்ணி என்றும் அறியப்படும் கீரைக்கு இது நெருங்கிய உறவு. இலையும் படர்வும் ஒன்றுபோலவே இருக்கும். ஊரை விட்டு வந்தவர்கள் கண்ணுக்குப் பழகிய இலையைக் கண்டதும் ஒரு தண்டு கிள்ளி நட்டிருக்கிறார்கள், உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்திருக்கிறார்கள். வறையும் சுண்டலும் செய்து நம்பிக்கையோடு உண்டிருக்கிறார்கள். யாரும் தீங்கு நினைக்கவில்லை.

அதிகாரிகள் இதைக் கையாண்ட விதம் பாராட்டத்தக்கது. அபராதம் என்று தொடங்காமல், தமிழ், சிங்களச் சமூகங்களின் வானொலி, பத்திரிகை, சங்கங்கள் வழியாகப் பேசினார்கள். செடியைப் பிடுங்குவதோடு நிறுத்தாமல் மாற்றும் தந்தார்கள். விக்டோரியாவின் ஆய்வாளர்கள் ஈரநிலங்களில் தானாக வளரும் ஓர் உள்நாட்டுப் பொன்னாங்கண்ணி வகையைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி, கீரைக்காக ஏங்கும் வீடுகளுக்கு நாற்றாகக் கொடுத்தார்கள். சுவையில் அது ஏறக்குறைய ஒத்துப்போனது. ஒரு உணவுப் பழக்கத்தை மதித்தே ஒரு களையை அகற்றமுடியும் என்பதற்கு ஆஸ்திரேலியக் களை வரலாற்றில் இதற்கு இணையான எடுத்துக்காட்டு குறைவு. 1999-இல் அலிகேட்டர் வீட் தேசிய முக்கியத்துவம் கொண்ட இருபது களைகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. விக்டோரியாவில் அது மாநிலத் தடைக்குரிய களை.

இரண்டையும் பிரித்தறியப் பூவைப் பார்க்கவேண்டும். பொன்னாங்கண்ணியின் சிறு வெண்பூங்கொத்து காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். அலிகேட்டர் வீடில் காகிதம் போன்ற வெள்ளைப் பூவுருண்டை சில செண்டிமீட்டர் நீளமுள்ள தனிக்காம்பின் நுனியில் நிற்கும். முதிர்ந்த தண்டு உள்ளீடற்றுக் குழலாக இருக்கும். பூ வருவது கோடையில். சந்தேகம் வந்தால் பிடுங்கவோ வெட்டவோ உரக்குழியில் போடவோ கூடாது. விக்டோரியாவில் மாநில வேளாண்மைத் துறைக்கும், சிட்னியில் அந்தந்த நகரசபையின் களை அதிகாரிக்கும் தெரிவிக்கவேண்டும். விக்டோரியாவில் வீட்டுக்காரரிடம் கட்டணம் வாங்காமல் துறையே வந்து அகற்றுகிறது. மண்ணில் தங்கிய ஒரு கணுவும் மீண்டும் தளிர்க்கும் என்பதால், அகற்றிய இடத்தைப் பல ஆண்டுகள் பருவந்தோறும் திரும்ப வந்து பார்க்கிறார்கள்.